பள்ளியும் பள்ளிவாசலும்
இஸ்லாமியக் கலாசாரச் சரித்திரத்தை மாணாக்கர் வழி நின்று கற்பித்தல்
(திருமழிசையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டேசுவரர் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஆழ்வார் ஒருவர் அவதரித்ததனாலேயே பெயர் பெற்ற இந்தத் திருமழிசையில், இஸ்லாமியக் கலாசாரச் சரித்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு என்னை அழைத்திருக்கிறீர்கள். அழைப்பு வந்த நாள் முதல் என் மனம் சுற்றிச் சுற்றிக் கணிகண்ணன் கதையிலேயே நின்றுவிட்டது. அரசன் தன்னைப் பாடச் சொன்னபோது பாட மறுத்த கணிகண்ணனைக் காஞ்சியை விட்டு வெளியேறும்படி பல்லவன் ஆணையிட, மாணாக்கன் புறப்பட்டான் என்று கேட்ட திருமழிசையாழ்வார் தாமும் புறப்பட்டார் என்றும், ஆழ்வார் புறப்பட்டதனால் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே போனார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. பக்தர்கள் இதனைப் பக்தியின் மகிமைக்கு உதாரணமாக எடுத்துரைப்பார்கள். நாற்பது ஆண்டுகள் சரித்திர உபாத்தியாயராக இருந்த எனக்கோ, முன்னே மாணாக்கன் நடக்க அவன் பின்னே ஆசிரியர் நடந்துபோகும் அந்தக் காட்சியே கண்ணை விட்டு அகலுவதில்லை. ‘மாணாக்கரை மையமாகக் கொண்ட கற்றல்’ என்று இந்நாளில் கல்வியாளர்கள் வழங்கும் தொடரை முதன்முதலாகக் கேட்டபோது, இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இராது என்றே எனக்குத் தோன்றிற்று.

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை வகுப்பிற்கு நான் இஸ்லாமிய நாகரிக வரலாறு கற்பித்தேன். உமையாக்கள், அப்பாஸியர், பாத்திமியர் என்று அரச வம்சங்களை வரிசையாகச் சொல்லி, 1258-ஆம் ஆண்டில் மங்கோலியர் பாக்தாதை அழித்ததற்குக் காரணங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதச் செய்து, அந்த எண்களைத் தவறாமல் ஒப்பிப்பவனே நல்ல மாணாக்கன் என்று கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள், பின் பெஞ்சியிலிருந்து எழுந்த ஓர் இளைஞன், “சார், நம்ம பூந்தமல்லி பள்ளிவாசல் இதுல எங்க சார் வருது?” என்று கேட்டான். “அது பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான், மூன்றாண்டுகள் முடியும்வரை என்னிடம் வேறொரு கேள்வியும் அவன் கேட்கவில்லை. பரிட்சையில் நல்ல மதிப்பெண் பெற்றான் என்பது எனக்குச் சமாதானம் தரவில்லை. அவன் வாய் அடைந்துபோனதற்கு நானே காரணம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கேள்விக்கு விடையை நான் தேடிப் போனதுகூடச் சில ஆண்டுகள் கழித்துத்தான். இங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் பூந்தமல்லி. அங்குள்ள பழைய பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு அதனை 1653-ஆம் ஆண்டிற்கு உரியதாகக் காட்டுகிறது. கட்டியவன் அஸ்தராபாத் நகரத்துத் துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம். அவன் கோல்கொண்டாவின் பெருந்தளபதியாகிய மீர் ஜும்லாவின் ஊழியன். நிர்வாகத்தாரிடம் முன்கூட்டி அனுமதி பெற்று, அடுத்து வந்த ஒரு வகுப்பு மாணாக்கரை அங்கே அழைத்துச் சென்றேன். அன்று ஓர் உபாயம் செய்தேன். சொல்லப்போனால், அதுவே பிற்பாடு என் முறையாயிற்று. கல்வெட்டின் வாசகத்தைப் படித்துக் காட்டியதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லாமல், ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, இங்கே நின்று பார்க்கையில் மனத்தில் எழும் வினாக்களை மட்டும் எழுதுங்கள், விடை ஒன்றையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

வந்த வினாக்களை நான் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறேன். அஸ்தராபாத் எங்கே இருக்கிறது? பாரசீகத்தில் ஏன் எழுதினார்கள், இந்த ஊரில் அதைப் படிக்கக்கூடியவர் யார் இருந்தார்கள்? ருஸ்தம் என்பது கதைகளில் வரும் வீரனின் பெயரல்லவா? கட்டுவித்தவன் பெயர் இருக்கிறது, கல் செதுக்கியவன் பெயர் எங்கே? ஒரு மாணவி எழுதியிருந்தாள்: இது படையெடுத்து வந்தவர் கட்டியதா, வியாபாரம் செய்ய வந்தவர் கட்டியதா?

என் பழைய குறிப்பேட்டில் இருந்த காரணங்களின் பட்டியல் அந்த ஒரு வினாவிற்கு முன் ஒன்றுமில்லாமற் போயிற்று. ஏனெனில், அதற்கு விடை தேடிப் போன மாணாக்கர் கண்டது மீர் ஜும்லாவின் ஜீவிய சரித்திரத்தை. பாரசீக தேசத்தில் இஸ்பஹானைச் சார்ந்த அர்திஸ்தானில் பிறந்து, வியாபாரத்தின் வழியாக கோல்கொண்டா வந்து, வைரச் சுரங்கங்களாலும் கப்பல் வாணிபத்தாலும் செல்வம் திரட்டி, சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் முதன்மை மந்திரியாகி, 1640-களில் படை நடத்திக் கர்நாடகச் சீமையின் கீழ்ப்பகுதியைக் கோல்கொண்டாவிற்குச் சேர்த்து, பின்னர் முகலாயரிடம் போய்ச் சேர்ந்து, அஸ்ஸாம் படையெடுப்பிற்குப் பின் 1663-இல் மாண்ட அந்த மனிதன் வியாபாரியா, படைத்தலைவனா? இரண்டுந்தான். காஸ்பியன் கடலின் தென்கிழக்குக் கரையை அடுத்த அஸ்தராபாத்திலிருந்து, இந்நாளில் குர்கான் என்று பெயர் மாறிய அந்த நகரத்திலிருந்து, ஒருவன் பூந்தமல்லிவரை வந்து சேர வேண்டுமானால் அவன் எந்தெந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கெங்கே இறங்கியிருக்கக்கூடும் என்று தேசப்படத்தை விரித்து விரலை வைத்துத் தேடிய அந்தப் பிள்ளைகளுக்கு, சஃபவியர் என்ற அரச வம்சத்தின் பெயரையும் மசூலிப்பட்டினம் என்ற துறைமுகத்தின் பெயரையும் நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவை அவர்களுக்குத் தேவைப்பட்டன, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பின்னொரு தலைமுறையில் இந்தப் பூந்தமல்லிச் சீமையைக் கோல்கொண்டாவின் சார்பில் ஆண்டவர் லிங்கப்பா என்பதும், அந்த ராஜ்யத்தின் பெரிய மந்திரி மாதண்ணா என்பதும் தெரிந்தபோது, ‘அவர்கள் ஆட்சி’ என்ற சொற்றொடரை ஒரு பையன் தன் கட்டுரையிலிருந்து தானாகவே அடித்துவிட்டான்.

ஆண்டுக் கணக்கையும் அவர்களே போட்டார்கள். சந்திரமான வருஷத்திற்கு ஏறக்குறைய 354 நாள். ஆகவே முப்பத்திரண்டு சூரிய வருஷங்களுக்கு ஏறத்தாழ முப்பத்துமூன்று ஹிஜ்ரி வருஷங்கள். 1653 என்பது ஹிஜ்ரி 1063, 1064 ஆகிய இரண்டிலும் படுகிறது என்று கண்டுபிடித்தபோது அவர்கள் அடைந்த உற்சாகம், ஹிஜ்ரி சகாப்தத்தைப் பற்றிய என் எந்தப் பிரசங்கத்திற்கும் கிடைத்ததில்லை.

இனி, சொற்களைப் பற்றி. சரித்திரத்தைப் பார்க்க ஊர்விட்டு ஊர் போக வசதியில்லாத பள்ளிகள் உண்டு. ஆயினும் எந்தப் பிள்ளையின் வாயிலும் சொற்கள் உண்டு. தாலுகா ஆபீசுக்குத் தன் தகப்பனாரோடு போய்வந்த சிறுவனை, அங்கே காதில் விழுந்த சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். தாசில்தார், பிர்கா, ஜமாபந்தி, வசூல், பாக்கி, அசல், நகல், ரசீது, ஜப்தி, ஜாமீன் என்று அவன் எழுதி வருவான். இவையெல்லாம் அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் நம் ஊர் நிர்வாகத்திற்குள் வந்து, தமிழ் உடுத்துக்கொண்டு, எவருக்கும் அந்நியமாகத் தோன்றாமல் வாழ்பவை. அதே வகுப்பிலுள்ள முஸ்லிம் சிறுமியை, அவள் வீட்டில் வழிபாட்டிற்கு வழங்கும் சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்று வரும். உருது வழங்கும் வீடுகளில் நமாஸ் என்றும் ரோஜா என்றும் பாரசீகச் சொற்கள் நிலைபெற்ற இடத்தில், தமிழ் முஸ்லிம்கள் மார்க்கத்தின் அந்தரங்கமான கடமைகளுக்கே தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தில் அரபியும் வழிபாட்டில் தமிழுமாகச் சொற்கள் இப்படிக் குறுக்காகப் பயணம் செய்திருப்பதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிவைத்துவிட்டு நான் பேசாமல் நின்றிருக்கிறேன். பத்து நிமிஷத்தில் அந்த வகுப்பு கண்டுபிடித்தவற்றை எழுதினால் ஓர் அத்தியாயம் ஆகும்.

அச்சொற்களுள் ‘பள்ளி’ என்பதொன்றே ஒரு தனிப் பாடம். சமண பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடத்திற்குப் பெயராயிருந்து, அவர்கள் அங்கே கல்வி கற்பித்ததனால் பள்ளிக்கூடமாகி, பின்பு இஸ்லாமியர் தொழுமிடத்திற்கும் பெயராயிற்று. ராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணியில், ஆழ்வார் பாடிய பெருமாள் கோயிலிலேயே, சோனகர் எனப்பட்ட முஸ்லிம்களின் பள்ளி ஒன்றுக்குப் பாண்டிய மன்னன் வருவாய் அளித்த செய்தி கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பள்ளிவாசலுக்கு விட்ட தானம் பெருமாள் கோயிற் சுவரில் ஏன் எழுதப்பட்டது என்று கேட்காத மாணாக்கனை நான் இதுவரை சந்தித்ததில்லை.

என் அனுபவத்தில் மறக்க முடியாத நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள பழம்பொருள் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். காயல்பட்டினத்திலிருந்து வந்து ஆவடியில் குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, தன் உம்மாவின் தாயார் வைத்திருந்த ஒரு கைப்பிரதியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிரித்தால் உள்ளே முழுவதும் அரபி எழுத்து. வகுப்பு முழுவதும் அதனைக் குர்ஆன் சம்பந்தமான கிரந்தம் என்றே எண்ணிற்று. அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும், பக்கத்தில் இருந்த அம்பத்தூர்ப் பெண் ஆச்சரியத்தோடு, “ஏய், இது தமிழ்டீ!” என்று உரக்கக் கூவிவிட்டாள். அது அரபுத் தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, ழகரத்திற்கும் ளகரத்திற்கும் ஞகரத்திற்குங்கூட, புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துக்கள் சமைத்து, நூற்றாண்டுகளாகத் தமிழ் முஸ்லிம்கள் கடிதமும் கவிதையும் மார்க்க நூல்களும் எழுதிவந்த லிபி. பிரதியைக் கொண்டுவந்த பெண்ணுக்கு எழுத்துத் தெரிந்தது. அதிலிருந்த பழந்தமிழ்ச் சொற்கள் பல விளங்கவில்லை. அம்பத்தூர்ப் பெண்ணுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அவள் தமிழிலக்கியத்தில் ஈடுபாடுள்ளவள். காதால் கேட்ட மாத்திரத்தில் பொருள் சொன்னாள். ஒருத்தி வாசிக்க மற்றவள் விளக்க, இருவருமாக அந்த மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் அன்று எனக்கு வேலை இல்லை. ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் நன்றாகக் கற்பித்த நாள் எதுவென்று கேட்டால், நான் வாயே திறவாத அந்த நாளைத்தான் சொல்வேன்.

மாணாக்கர் வழி நின்று கற்பிக்கும் இதனை மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான நூதன முறை என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். அவர்களுக்குப் பவணந்தி முனிவரை ஞாபகப்படுத்த வேண்டும். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கால் பங்கு புலமையே வரும், தன்னோடு பயிலுவோருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும், எஞ்சிய பாதி தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வரும் என்பது நன்னூலார் கண்ட கணக்கு. சமண முனிவராகிய அவர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இவ்வாறு வகுத்துக்கொண்டிருந்த ஏறக்குறைய அதே தலைமுறையில், மத்திய ஆசியாவில் ஜர்னூஜி என்ற அறிஞர், மாணாக்கருக்காக ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்ற சிறு நூலை இயற்றி, வெறும் ஓதலினும் சக மாணாக்கரோடு உரையாடுவதையும் வாதிப்பதையும் உயர்த்திப் பேசினார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கிறது.

அவர்களுக்குப் பின் 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய தம் ‘முகத்திமா’வில், மனப்பாடக் கல்வியின் குறையை ஒரு வைத்தியரைப் போல் நாடி பிடித்துக் காட்டுகிறார். மொராக்கோ நாட்டு மாணாக்கர் சபையில் வாய் திறவாமல் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதிலேயே காலம் கழிப்பதனால், அங்கே பதினாறு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருக்க, தூனிஸில் ஐந்தாண்டு போதுமானதாயிருக்கிறது என்று கணக்குச் சொல்லி, நாவைத் திறந்து வாதிக்கும் பழக்கமே வித்தையில் தேர்ச்சி தரும் என்று நிர்ணயிக்கிறார். பிள்ளைகளிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்யையும் வஞ்சகத்தையும் கற்றுக்கொள்வார்கள் என்றும் அவர் எச்சரிக்கிறார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இதை எழுதிய மனிதரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் நான் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்வித்தேன். அவர் சொன்னதை மட்டும் செய்யவில்லை.

நம் தேசத்திலும் இந்த வழியில் முன்னோடிகள் உண்டு. காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை 1937-இல் வார்தாவில் வகுத்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர், ஜாமியா மில்லியாவை வறுமையினூடே காத்து வளர்த்த டாக்டர் ஜாகிர் ஹுசைன். நம் சென்னையில், 2003-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார், அட்டைகள் வந்தன, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆனால் அது தொடக்கப் பள்ளியோடு பெரும்பாலும் நின்றது. மேல் வகுப்பிற்கு ஏறினால் மீண்டும் குறிப்பேடு, மீண்டும் முக்கிய வினாக்கள். கல்லூரியிலோ கேட்கவே வேண்டியதில்லை. கடல் கடந்து இலங்கையில் ‘இஸ்லாமிய நாகரிகம்’ உயர்தரப் பரிட்சைக்கு உரிய தனிப் பாடமாகத் தமிழிலேயே கற்பிக்கப்படுவதும், அங்கிருந்து வந்த ம. மு. உவைஸ் அவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்திற்கு உழைத்ததும் நமக்குப் பெரும் செல்வம். அந்தச் செல்வத்தை நம் வகுப்பறைகள் இன்னும் எடுத்து ஆளவில்லை என்பது என் வருத்தம்.

மாணாக்கர் மையம் என்றால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று கருதுபவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். குழு குழுவாகப் பிரித்து வண்ணத்தாளில் மசூதிப் படம் வரையச் சொல்லிவிட்டு நாம் வேறு வேலை பார்ப்பது கற்பித்தலாகாது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு மாணாக்கரை அழைத்துப் போவதற்கு முன் நான் இரண்டு மாதம் அப்ஜத் கணக்குப் படித்தேன். அரபி எழுத்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. நம் கர்நாடக சங்கீதத்தில் மேளகர்த்தா ராகங்களின் பெயரில் கடபயாதி முறையால் எண்ணை ஒளித்துவைத்ததைப் போல, பாரசீகக் கவிகள் ஒரு தொடருக்குள் ஆண்டை ஒளித்துவைப்பார்கள். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் கட்டிய அப்பள்ளிக்கு அமைந்த காலக்குறிப்பு, இறை நினைவே பெரிது என்ற பொருள் தரும் ‘திக்ருல்லாஹி அக்பர்’ என்னும் தொடர். எழுத்துக்களின் மதிப்பை மாணாக்கருக்குக் கொடுத்துக் கூட்டச் சொன்னேன். முதற் சொல்லுக்குத் தொள்ளாயிரத்திருபது, அல்லாஹ் என்பதற்கு அறுபத்தாறு, அக்பர் என்பதற்கு இருநூற்றிருபத்துமூன்று, ஆக 1209. அது ஹிஜ்ரி ஆண்டு. நம் கணக்கில் 1794-95. தொகையைக் கூட்டி முடித்தபின்தான், இதனை இயற்றியவர் நவாபின் அரண்மனையில் இருந்த ராஜா மக்கன் லால் என்னும் ஹிந்துப் புலவர் என்பதைச் சொன்னேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அது மத நல்லிணக்கம் பற்றிய மற்றோர் உபதேசமாகப் போய்க் காதோடு நின்றிருக்கும். கணக்கைத் தம் கையால் போட்டவர்களுக்கு அது ஒரு மனிதரின் சாமர்த்தியமாகவும் சிநேகமாகவும் பிரத்தியட்சமாயிற்று.

கடினமான கேள்விகள் எழுந்தால் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் தனியே என்னைக் கேட்கிறார்கள். எழத்தான் செய்யும். படையெடுப்பைப் பற்றியும், இடிபட்ட ஆலயங்களைப் பற்றியும், வீட்டில் கேட்ட வசைகளைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவிடாமல் செய்தால் கேள்வி மறைந்துவிடாது. அது தெருவில் போய், ஆதாரம் கேட்கத் தெரியாதவர்களிடம் விடை பெற்றுக்கொள்ளும். நான் கைக்கொண்ட விதி ஒன்றே: எந்தக் கூற்றையும் சொல்லலாம், ஆனால் ‘இது எனக்கு எப்படித் தெரியும்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹதீஸ் அறிஞர்கள் ஒவ்வொரு செய்திக்கும் அதனை அறிவித்தவர்களின் தொடரை, இஸ்நாத் என்று, முன்னே வைத்துவிட்டே செய்தியைச் சொன்னார்கள். அதே ஒழுங்கை என் மாணாக்கரிடம் நான் வேண்டினேன். யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், கல்லா, ஏடா, வதந்தியா? இந்த ஒழுங்கு பழகிய வகுப்பில் குரல் உயர்ந்து நான் கண்டதில்லை. முஸ்லிம் மாணாக்கரும் தம் வீட்டுப் பெருமைக் கதைகளுக்கு இதே தொடரைக் காட்ட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது. இவ்வூர் ஆசிரியர்கள் சிலரும் நானும், பூந்தமல்லி, திருமழிசை, ஆவடிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு, இந்த வட்டாரத்துப் பழைய எழுத்துக்களைப் படியெடுக்கும் வேலை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிரயப் பத்திரம், அரபுத் தமிழ்க் கைப்பிரதி, கோயில் மானியக் கணக்கு, ஜமாஅத் தப்தரின் கிழிந்த பக்கம் என்று எது இருந்தாலும், அதனைக் கொடுத்துவிட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்திற்குக் கொண்டுவந்து காட்டினால் போதும். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு அப்பொழுதே உங்கள் கையில் திருப்பித் தருவார்கள். பாரசீகமோ மராட்டியரின் மோடி எழுத்தோ வாசிக்கத் தெரிந்தவர் இந்தச் சபையில் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் வாசலருகே நிற்கும் மாணவர்களிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கல் செதுக்கியவன் பெயர் எங்கே என்ற கேள்விக்கு அவர்கள் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.